ஹைட்ரா துறைமுகத்துல நங்கூரம் போடறது: முதல் தடவை பாய்மரப் படகுல போறவங்களுக்கு

கிரீஸ்ல ஏதென்ஸ் பக்கத்துல சரோனிக் வளைகுடான்னு ஒண்ணு இருக்கு, அதோட தெற்கு ஓரத்துல ஹைட்ரான்னு ஒரு தீவு. அந்த ஊர்க்காரங்க ஈத்ரான்னு சொல்வாங்க. கார், பைக் எதுவும் அங்க ஓடக்கூடாது, குப்பை வண்டி மாதிரி ரொம்ப அவசியமான ஒண்ணு ரெண்டைத் தவிர. பெட்டி, சிமெண்ட் மூட்டை, ஃப்ரிட்ஜ் எல்லாமே கழுதையும் கோவேறு கழுதையும்தான் சுமக்கும், நீங்க படகைக் கட்டி இறங்கின உடனே முதல்ல பார்க்கறதே கரையோரமா வரிசையா நிக்கிற கழுதைங்களைத்தான். அவ்வளவு அழகான ஊர். ஆனா அந்தக் குட்டித் துறைமுகத்துக்குள்ள பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துட்டுப் போய் ஒழுங்கா நங்கூரம் போட்டுக் கட்டறது இருக்கே, புதுசா ஓட்டறவங்களுக்கு அது பெரிய பரீட்சை. நான் மூணு தடவை போயிருக்கேன், முதல் தடவை பட்ட பாடு இன்னும் ஞாபகம் இருக்கு, அதனாலதான் இதை உட்கார்ந்து எழுதறேன்.

நங்கூரம்னா என்ன, அது எப்படி பிடிக்குதுங்கறதை முதல்ல புரிஞ்சுக்கணும். இது புரியாம மத்த எதைப் படிச்சாலும் மண்டையில நிக்காது.

நிறைய பேர் நினைக்கிறது, நங்கூரம் கனமா இருக்கு, அந்தக் கனத்தால படகு நகராம நிக்குதுன்னு. ரொம்பப் பழைய காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஹைட்ராவுக்குப் பக்கத்துலயே டோகோஸ்னு ஒரு சின்னத் தீவு இருக்கு, 1975ல அங்க கடலுக்கடியில பீட்டர் த்ராக்மார்ட்டன்ங்கறவர் ஒரு கப்பல் மூழ்கின இடத்தைக் கண்டுபிடிச்சார். 4,000 வருஷத்துக்கும் முந்தினது. மரமெல்லாம் மக்கிப் போச்சு, கப்பல்ல ஏத்தி வந்த மண்பாண்டங்கள்தான் குவியலா கிடந்துச்சு, அதுங்களோட ஓட்டை போட்ட பெரிய கல்லுங்களும் கிடைச்சுது. அதுதான் அவங்க நங்கூரம். கயிறைக் கோத்து கீழ இறக்கினா கல்லோட எடை பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்ப நாம வாடகைக்கு எடுக்கற 12 மீட்டர் படகோட நங்கூரம் ஒரு 20 கிலோ சொச்சம் இருக்கும். படகு 8, 9 டன். அந்த 20 கிலோ எடை இதை எப்படிப் பிடிக்கும்? பிடிக்காது. இந்த நங்கூரம் வேலை செய்யறது ஏர் மாதிரி. ஏரை மாடு முன்னாடி தாழ்வா இழுத்தா கொழு மண்ணுக்குள்ள இறங்கிட்டே போகும், அதே ஏரை மேல் பக்கமா தூக்கி இழுத்தா கொழு மண்ணை விட்டு வெளிய வந்துரும். நங்கூரமும் அப்படியே. தரையோட தரையா படுக்கையா இழுத்தா மண்ணுக்குள்ள புதைஞ்சுக்கிட்டே போகும், மேல் நோக்கி இழுத்தா பிடுங்கிக்கும். நான் சும்மா உவமைக்காக சொல்லலை, 1933ல ஜி.ஐ. டெய்லர்ங்கற இங்கிலாந்து இயற்பியல் விஞ்ஞானி உருவாக்கின நங்கூரத்துக்கு உலகம் முழுக்க ஏர் நங்கூரம்னுதான் பேரே, பார்க்க அச்சு அசலா கொழு மாதிரியே இருக்கும். ரொம்ப வருஷம் பாதிப் படகுகள்ல அதுதான் தொங்கிட்டு இருந்துச்சு.

அப்ப விஷயம் கோணத்துல இருக்கு. கோணத்தைத் தாழ்வா வைக்க முக்கியமான வழி சங்கிலியை நீளமா விடறதுதான். கணக்கு ரொம்ப சுலபம்: தண்ணி ஆழத்தையும், தண்ணி மட்டத்துலேர்ந்து படகோட மூக்கு எவ்வளவு உயரம்ங்கறதையும் கூட்டிக்கங்க. ஆழம் 10 மீட்டர், மூக்கு 1 மீட்டர்னா மொத்தம் 11. அதைப் போல 3 மடங்கு சங்கிலி விட்டீங்கன்னா, காத்து பலமா அடிச்சு சங்கிலி விறைப்பா நிக்கும்போது இழுவைக் கோணம் கிட்டத்தட்ட 20 டிகிரி. 5 மடங்கு விட்டா 12 டிகிரிக்குள்ள வந்துரும். 7 மடங்குன்னா 8 டிகிரி. ராத்திரி தங்கப்போறோம்னா நான் 5 மடங்குக்குக் குறைச்சு விடறதே இல்லை, அதாவது அந்த 11க்கு 55 மீட்டர்.

சங்கிலியோட எடையும் உதவும். 10 மில்லிமீட்டர் சங்கிலி ஒரு மீட்டருக்கு ரெண்டேகால் கிலோ கிட்ட வரும், 50 மீட்டர் விட்டா நூறு கிலோவுக்கு மேல இரும்பு கீழ கிடக்குது, காத்து லேசா அடிக்கும்போது அந்தச் சங்கிலி தொய்வா தொங்கி தரையிலயே படுத்துக் கிடக்கும், இழுவை நங்கூரத்துக்குப் போறதே இல்லை. ஆனா காத்து கூடக்கூட தொய்வு போயிரும். இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கங்க, காத்து வேகம் ரெண்டு மடங்கானா படகு மேல விழற விசை நாலு மடங்காகுது, மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. மத்தியானம் 10 நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர் வேகம்) காத்துல அசையாம நின்ன படகு ராத்திரி 30 நாட் வரும்போது ஏன் நகருதுன்னு இப்ப புரியும்.

சரி, இப்ப ஹைட்ராவுக்கு வருவோம்.

அந்தத் துறைமுகம் குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு இருக்கும், வாய் வடக்குப் பக்கம். சுத்தி மலைச்சரிவுல வெள்ளை வீடும் கல் வீடும் படிக்கட்டு மாதிரி ஏறிப் போகும். கடல்லேர்ந்து பார்த்தா மொட்டைப் பாறை மலைதான் தெரியும், ஊர் எங்கன்னே தெரியாது, கிட்ட போனதும்தான் சட்டுனு திறக்கும், ரெண்டு பக்கமும் பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்து நிக்கும். 1821ல ஆரம்பிச்ச கிரேக்க விடுதலைப் போருக்கு இந்தச் சின்ன ஊர்லேர்ந்துதான் அவ்வளவு கப்பல் போச்சு, மியாவுலிஸ்னு அவங்க கடற்படைத் தளபதி இங்கத்துக்காரர்தான். எஞ்சின் இல்லாத அந்தக் கப்பல்களை இந்த ஒடுக்கத்துக்குள்ள எப்படி ஆண்டாங்கன்னு ஒவ்வொரு தடவை உள்ள நுழையும்போதும் எனக்கு மலைப்பா இருக்கும்.

இங்க படகு கட்டற முறை மத்தியதரைக் கடல் முறை. பக்கவாட்டுல கட்ட முடியாது, இடம் பத்தாது. மூக்குப் பக்கம் நங்கூரத்தைத் தூரத்துலயே போட்டுட்டு, ரிவர்ஸ்ல வந்து, பின்பக்கத்தைக் கரைச் சுவர்ல ரெண்டு கயிறு போட்டுக் கட்டணும். பைக் ஸ்டாண்டுல வண்டிகளை நெருக்கி நிறுத்தற மாதிரி படகெல்லாம் பக்கத்துல பக்கத்துல நிக்கும், நடுவுல காத்தடிச்ச ஃபெண்டர் உருளைங்கதான் மெத்தை.

இப்ப மேல சொன்ன கணக்கை இங்க போட்டுப் பாருங்க, அப்பதான் இந்த இடம் ஏன் சிக்கல்னு தெரியும். துறைமுக நடுவுல ஆழம் 10 மீட்டரைத் தாண்டும். மூக்கு உயரத்தையும் சேர்த்தா 55 மீட்டர் சங்கிலி வேணும். படகே 12 மீட்டர். அப்ப கரைச் சுவர்லேர்ந்து 60 மீட்டருக்கும் மேல தள்ளி நங்கூரம் போடணும். இதை நீங்க மட்டும் பண்ணலை, லாடத்தோட வளைவு முழுக்க நிக்கிற எல்லாப் படகும் பண்ணும். மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைச்சுக்கங்க, ஆரக்கால் எல்லாம் எங்க போய்ச் சேருது? நடுக்குடத்துல. அதே மாதிரி எல்லார் சங்கிலியும் நடுவுல போய் ஒண்ணு மேல ஒண்ணா விழும். போதாததுக்கு கோடையில கரையோர இடம் நிறைஞ்சதும் அடுத்து வர்றவங்க முதல் வரிசைப் படகுகளோட மூக்கு மேலயே ரெண்டாவது வரிசை, மூணாவது வரிசைன்னு கட்டுவாங்க, அவங்க நங்கூரமும் அதே நடுவுலதான். நங்கூரம் பிடிக்க நீளம் வேணும், அந்தத் துறைமுகத்துல நீளம் கிடையாது. மத்த எல்லாத் தொல்லையும் இதுலேர்ந்துதான் வருது.

எங்க முதல் தடவை நடந்ததைச் சொல்றேன். நாங்க அஞ்சு பேர், எங்க கூட்டத்துல மூத்த அண்ணன் ஒருத்தர்தான் ஸ்டியரிங், நான் முன்னாடி நங்கூரத்துக்கிட்ட. ஆழம் 11 மீட்டர்னு காட்டுச்சு. நடுவுல போட்டா அடுத்தவன் சங்கிலி மேல விழுந்துருமேன்னு பயந்து கரைக்குக் கிட்டவே போட்டுட்டோம், 25 மீட்டர் சங்கிலிதான் வெளிய போச்சு. 12 மீட்டருக்கு 25 மீட்டர், ரெண்டு மடங்குதான், கோணம் கிட்டத்தட்ட 30 டிகிரி. அன்னைக்கு அந்தக் கணக்கெல்லாம் யாரும் போடலை. படகு நின்னுச்சு, காத்தும் இல்லை, சாப்பிடப் போயிட்டோம். சாயங்காலம் வேக ஃபெர்ரி ஒண்ணு உள்ள வந்து போச்சு, அது கிளப்பின அலை லாடத்துக்குள்ள வெளிய போக வழியில்லாம இங்கிட்டும் அங்கிட்டும் மோதி மோதி ஆடுச்சு, எங்க படகு முன்னாடி ஒரு தள்ளு, பின்னாடி ஒரு தள்ளு, அப்படியே நங்கூரம் பிடுங்கிக்கிச்சு. நாங்க ஓடி வரும்போது படகோட பின்பக்கக் குளியல் மேடை கரைச் சுவர்க் கல்லுல டக் டக்குனு இடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தம் வயித்துல விழுந்த மாதிரி இருந்துச்சு. பக்கத்துப் படகுல இருந்த பெரியவர் ஒருத்தர் பேச்சே இல்லாம பெரிய ஃபெண்டர் ஒண்ணைத் தூக்கி நடுவுல சொருகிட்டார். அவரு இல்லைன்னா ஃபைபர் உடைஞ்சிருக்கும். நம்ம சங்கிலி அடுத்தவங்க சங்கிலி மேல விழறது தப்பில்லை, அந்தத் துறைமுகத்துல அது தவிர்க்க முடியாத ஒண்ணு. குட்டையா போடறதுதான் தப்பு. அது நம்மளையும் பக்கத்துப் படகையும் சேர்த்துக் கெடுக்கும்.

அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ரெடி பண்ணிருங்க. பாயை வெளியவே, காத்துக்கு நேரா மூக்கைத் திருப்பி இறக்கிருங்க, பாய் போட்டுட்டு உள்ள போற இடம் இது இல்லை. ஃபெண்டரை ரெண்டு பக்கமும் கட்டுங்க, பின்பக்கத்துக்கு ஒண்ணு தனியா வச்சுக்கங்க. பின் கயிறு ரெண்டையும் கிளீட்டுல, அதாவது படகுல கயிறு கட்டற கொம்புல, ஒரு முனை கட்டி, ஓரத்துக் கைப்பிடிக் கம்பிக்கு வெளிய சுத்தி எடுத்து, எறியறதுக்குத் தோதா சுருட்டி வைங்க. கயிறு கம்பிக்கு உள்பக்கமா மாட்டிக்கிச்சுன்னா அந்த நேரத்துல எடுக்க முடியாது. சங்கிலியில 10 மீட்டருக்கு ஒரு கலர்னு அடையாளம் கட்டியிருப்பாங்க, படகைக் கையில வாங்கும்போதே அதை எண்ணிப் பார்த்துருங்க, பல வாடகைப் படகுல பெயிண்ட் அழிஞ்சு போயிருக்கும். அப்படி இருந்தா விண்ட்லாஸ், அதாவது சங்கிலியை இறக்கி ஏத்தற மோட்டார், அது 10 மீட்டர் இறக்க எத்தனை செகண்ட் எடுக்குதுன்னு ஒரு தடவை எண்ணி வச்சுக்கங்க. அப்புறம் கை ஜாடை. முன்னாடி நிக்கிறவர் கத்தறது பின்னாடி எஞ்சின் சத்தத்துல கேக்கவே கேக்காது, கத்திக் கத்தி சண்டைதான் வரும். கை கீழ காட்டினா இறக்கு, முஷ்டி மூடினா நிறுத்து, சங்கிலி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் கை நீட்டு. இது போதும்.

நேரம் ரொம்ப முக்கியம். ஜூலை ஆகஸ்ட்ல மத்தியானத்துக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துருங்க. காலையில கிளம்பறவங்க போனதுக்கு அப்புறமும் அடுத்த கூட்டம் வர்றதுக்கு முன்னாடியும் ஒரு இடைவெளி கிடைக்கும். வாய்க்கு வெளிய மெதுவா ஒரு வட்டம் போட்டு, ஃபெர்ரி எதுவும் வருதான்னு பார்த்துட்டு, பைனாகுலர்ல காலி இடம் தேடிட்டு அப்புறம் நுழையுங்க. அவசரமே வேண்டாம்.

இடம் பிடிச்சாச்சுன்னா அந்த இடத்துக்கு நேரா, செங்குத்தா வெளிய வாங்க, அஞ்சு படகு நீளத்துக்கும் மேல. பக்கத்துப் படகுங்களோட சங்கிலி தண்ணிக்குள்ள எந்தக் கோணத்துல போகுதுன்னு பார்த்தா அவங்க நங்கூரம் எங்க கிடக்குதுன்னு ஓரளவு ஊகிக்கலாம், அவங்களுக்கு இணையா நம்ம கோடு இருக்கணும், சாய்வா போட்டா அவங்க சங்கிலியைக் கண்டிப்பா வெட்டும். அங்க நிறுத்தி நங்கூரத்தை இறக்குங்க, தரையைத் தொட்டதும் ரிவர்ஸ் போடுங்க. இங்கதான் புதுசா ஓட்டறவங்க தடுமாறுவாங்க, ஏன்னா படகு கார் மாதிரி இல்லை, சுக்கான் மேல தண்ணி ஓடினாத்தான் அது திரும்பும், நின்ன படகுல சுக்கானைத் திருப்பி ஒண்ணும் ஆகாது. ரிவர்ஸ் போட்ட முதல் சில நொடி ப்ரொப்பெல்லர் சுத்தற திசைக்கு ஏத்த மாதிரி பின்பக்கம் ஒரு பக்கமா இழுக்கும், பெரும்பாலான படகுல இடப்பக்கம். பயந்து த்ராட்டிலைக் குறைச்சா இன்னும் மோசமாகும். கொஞ்சம் வேகம் பிடிக்க விடுங்க, ரெண்டு நாட் வந்துச்சுன்னா சுக்கான் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சுரும். அதுவரைக்கும் சங்கிலியை இறுக்காம தாராளமா ஓட விடணும், முன்னாடி இருக்கறவர் அதைப் பிடிச்சு நிறுத்திட்டா மூக்கு ஒரு பக்கம் திரும்பி எல்லாம் கோணலாயிரும். சங்கிலி ஓடும்போது கையோ காலோ கிட்டவே கொண்டு போகக்கூடாது.

கரைக்கு ஒரு படகு நீளம் இருக்கும்போது சங்கிலியை நிறுத்துங்க. அது இழுத்துப் பிடிச்சு படகுக்கு பிரேக் போடும், அதே நேரத்துல நங்கூரமும் மண்ணுக்குள்ள இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பின்னாடி வந்து, காத்து வர்ற பக்கத்துக் கயிறை முதல்ல குடுங்க. அது மாட்டினாலே படகு பக்கத்துல சாயாது, மத்தது நிதானமா போடலாம். எட்டு டன் படகைக் கையால காலால தள்ளி நிறுத்த மட்டும் யாரும் போகாதீங்க, விரல் போயிரும். ஃபெண்டரை வைங்க, இடிச்சா இடிக்கட்டும்.

கட்டியாச்சுன்னு உடனே இறங்கி ஓடாதீங்க. விண்ட்லாஸைப் போட்டு சங்கிலியை இறுக்குங்க, இறுகி நின்னதும் எஞ்சினை ரிவர்ஸ்ல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. விண்ட்லாஸை மட்டும் நிறுத்திட்டு, எஞ்சின் ரிவர்ஸ்ல ஓடும்போதே ஒருத்தர் முன்னாடி போய் மூக்குல நீட்டிட்டு இருக்கற சங்கிலி மேல கால் பாதத்தை வச்சுப் பார்க்கணும். நங்கூரம் பிடிச்சிருந்தா சங்கிலி கல்லு மாதிரி அசையாம இருக்கும். தரையில இழுபட்டுக்கிட்டு வந்தா கடகடன்னு ஒரு நடுக்கம் பாதத்துல தெரியும், கல்லு ரோட்டுல சைக்கிள் ஓட்டும்போது ஹேண்டில்ல வருமே அந்த மாதிரி. அந்த நடுக்கம் தெரிஞ்சா சமாதானம் சொல்லிக்காதீங்க, கயிறை அவிழ்த்துட்டு வெளிய போய் மறுபடி போடுங்க. மூணு தடவை போட்டாலும் பரவாயில்லை, கரையில காப்பி குடிச்சிட்டு பார்க்கறவங்க பார்க்கட்டும்.

படகுக்கும் கரைக்கும் நடுவுல வழக்கமா ஒரு மீட்டர் விடுவாங்க, ஹைட்ராவுல நான் ரெண்டு மீட்டர் விடுவேன், அந்த ஃபெர்ரி அலைக்காக. இறங்க நீளப் பலகை இருக்கும், கவலை வேண்டாம். ஓதம், அதாவது கடல் மட்டம் தினம் ஏறி இறங்கறது, அங்க பெரிசா கிடையாது, மத்தியதரைக் கடல்ல அந்தப் பக்கம் ஒரு முழம் கூட மாறாது, அதனால கயிறை அடிக்கடி மாத்தற வேலை இல்லை.

நிஜமான பயம் வடக்குக் காத்துதான். கோடையில ஈஜியன் கடல்ல மெல்டெமின்னு ஒரு காத்து வடக்கிலேர்ந்து நாள்கணக்கா அடிக்கும், பால்கன் பக்கம் உயர் அழுத்தமும் துருக்கி பக்கம் வெப்பத் தாழ்வழுத்தமும் இருக்கறதால வர்றது. வானம் பளிச்சுனு நீலமா இருக்கும்போதே அடிக்கும், மேகத்தைப் பார்த்து முன்கூட்டித் தெரிஞ்சுக்க முடியாது. நம்ம ஊர் மீனவங்க வாடைக் காத்துன்னா எந்தக் கரையில படகை ஒதுக்கணும்னு முன்னாடியே யோசிப்பாங்க இல்லையா, அதே புத்திதான் இங்கயும். ஹைட்ராவோட வாய் வடக்குப் பக்கம்ங்கறதால அலை நேரா உள்ள வரும். அன்னைக்கு வானிலை அறிக்கையில வடக்குக் காத்து பலமா வரும்னு இருந்தா ஹைட்ராவுக்கே போகாதீங்க, எவ்வளவு ஆசையா இருந்தாலும் சரி. பக்கத்துல மந்த்ராகின்னு ஒரு குடா இருக்கு, ஆனா அதுவும் வடக்குப் பக்கம் திறந்ததுதான், ஆழமும் சட்டுனு கூடும், கரைப் பாறைக்குக் கயிறு கட்டி நிக்கணும், அமைதியான நாளுக்குத்தான் அது. காத்து நாள்ல போரோஸ்ங்கற பக்கத்துத் தீவுக்குப் போங்க, நாலா பக்கமும் மறைவு, நீளமான கரை. இல்லைன்னா எதிர்க்கரையில எர்மியோனி, ரெண்டு மணி நேரத்துல போயிரலாம். அங்க படகை விட்டுட்டு ஃபெர்ரி ஏறி ஹைட்ராவைச் சுத்திப் பார்த்துட்டு வர்றவங்க இருக்காங்க, அதைத்தான் நான் சின்னக் குழந்தைங்களோட வர்றவங்களுக்குச் சொல்வேன்.

கடைசியா கிளம்பறது. காலையில நங்கூரத்தைத் தூக்கும்போது விண்ட்லாஸ் முக்கி முனகி நிக்கும், எட்டிப் பார்த்தா உங்க நங்கூரத்துக் கொக்கி மேல இன்னொருத்தர் சங்கிலி மாலை மாதிரி கிடக்கும். ஹைட்ராவுல இது தினம் நடக்கறது, பதற வேண்டியதே இல்லை. மோட்டாரைப் போட்டு இழுத்துத் தள்ளாதீங்க, அது சூடாகி நின்னுரும், அடுத்தவர் நங்கூரமும் பிடுங்கிக்கும். நங்கூரத்தைத் தண்ணிக்கு மேல தெரியற வரைக்கும் மட்டும் தூக்குங்க. ஒரு கயிறோட ஒரு முனையை முன் கிளீட்டுல கட்டி, இன்னொரு முனையைக் கொக்கிக் கம்பால அந்தச் சங்கிலிக்கு அடியில விட்டு எடுத்து அதையும் கிளீட்டுல சுத்துங்க. இப்ப அந்தச் சங்கிலியோட பாரம் உங்க கயிறுல தொங்குது. உங்க நங்கூரத்தை ஒரு மீட்டர் கீழ இறக்கினா அது தானா விடுபட்டு நழுவும், லேசா ரிவர்ஸ் போட்டா தள்ளி வந்துரும், அப்புறம் உங்களுதை மேல ஏத்திக்கங்க. அதுக்கப்புறம்தான் கயிறோட ஒரு முனையை விடணும், கை விரல் சுத்துக்குள்ள இல்லைன்னு பார்த்துட்டு.

போன தடவை எங்களுக்கு மாட்டினது எதிர் வரிசைப் படகு ஒண்ணோட சங்கிலி. கயிறை விட்டதும் அது சரசரன்னு தண்ணிக்குள்ள இறங்குச்சு, சேறு கலங்கி மேல வந்துச்சு. உடனே போயிரலை, அந்தப் படகு பக்கமா மெதுவா போய், உங்க சங்கிலியை நாங்க தூக்கிட்டோம், கொஞ்சம் இறுக்கிப் பாருங்கன்னு சொன்னோம். அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழ வச்சுட்டு முன்னாடி போய், விண்ட்லாஸ் பட்டனை அழுத்தி ரெண்டு மீட்டர் இழுத்து, சங்கிலி மேல பாதத்தை வச்சு ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, சரியா இருக்குன்னு தலையாட்டினாங்க, அதுக்கப்புறம்தான் நாங்க பீரங்கியைத் தாண்டி வெளிய போனோம்.